இரத்தப் புற்றுநோயும் கண்ணும்



இரத்தப் புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டாலே பெற்றவர்களின் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. ஒரு காலத்தில் அந்தப் பெயரைச் சொன்னாலே பிள்ளை பிழைக்காது என்றுதான் பொருள். இன்று அப்படி இல்லை. நம் நாட்டு மருத்துவமனைகளிலேயே சிகிச்சை பெற்று, குணமாகி, படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் குணமாகும் பாதையில் ஓர் ஆபத்து உண்டு. அடங்கிய நோய் மறுபடியும் தலைதூக்கலாம். அப்படித் தலைதூக்கும்போது, சில பிள்ளைகளுக்கு முதல் அறிகுறி இரத்தப் பரிசோதனையில் தெரிவதில்லை, காய்ச்சலாகவும் வருவதில்லை. அது கண்ணில் தெரிகிறது. அந்த அறிகுறியைப் பெற்றோர் அறிந்திருந்தால் பிள்ளையின் பார்வையையும், சில வேளை உயிரையும் காப்பாற்றலாம். இன்றைய உரை அதைப் பற்றியதுதான்.

முதலில் இந்த நோய் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். நம் உடம்பில் இரத்தம் உற்பத்தியாகும் இடம் எலும்புகளுக்குள்ளே இருக்கும் மஜ்ஜை. தோட்டத்தில் இளங்கன்றுகளை வளர்த்தெடுக்க நர்சரி இருக்கிறதல்லவா? அதுபோல, இரத்த அணுக்களுக்கு மஜ்ஜைதான் நர்சரி. உடம்பு முழுவதும் பிராணவாயுவைக் கொண்டுபோகும் சிவப்பணுக்கள், நோய்க் கிருமிகளோடு போராடும் வெள்ளையணுக்கள், காயம் பட்டால் இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஆகிய மூன்றும் அங்கே வளர்ந்து இரத்தத்துக்கு வருகின்றன.

இரத்தப் புற்றுநோயில் என்ன நடக்கிறது? முற்றாத வெள்ளையணுக்கள் கணக்கில்லாமல் பெருகுகின்றன. நர்சரியில் களை மண்டினால் நல்ல கன்றுக்கு இடம் இருக்குமா? அதே கதைதான். சிவப்பணு குறைவதால் பிள்ளை வெளிறிப்போய்ச் சோர்ந்து கிடக்கிறது. நல்ல வெள்ளையணு குறைவதால் காய்ச்சல் விடாமல் வருகிறது. தட்டணு குறைவதால் ஈறில் இரத்தம் கசிகிறது, அடிபடாத இடத்திலும் தோலில் நீலம் கட்டுகிறது. பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிக அதிகமாகக் காணப்படுவது இந்த இரத்தப் புற்றுநோய்தான். அதிலும் மருத்துவர்கள் சுருக்கமாக ஏ.எல்.எல். என்று சொல்லும் வகையே பெரும்பான்மை. இது தொற்றுநோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தாலும் மற்றவருக்கு ஒட்டாது. யாருடைய பாவத்துக்கும் கிடைத்த தண்டனையும் அல்ல.

இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்த வரலாற்றில் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்கும் பங்கு உண்டு. ஆந்திராவின் பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்பவர்தான் அவர். அமெரிக்காவில் அவர் தலைமையில் நடந்த மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் உருவான அமினோப்டெரின் என்ற மருந்தைப் பாஸ்டன் நகரத்து மருத்துவர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1948-ஆம் ஆண்டு அதன் முடிவை வெளியிட்டார். 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. அதன் பிறகு வந்த மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து இன்றும் கொடுக்கப்படுகிறது. நம் லயத்து வாசலில் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்தும் வின்கிரிஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். இதைக் கேட்டுவிட்டு யாரும் அந்தச் செடியைப் பறித்துக் கஷாயம் வைத்துவிடாதீர்கள். அந்தச் செடி நஞ்சு. மருந்தாக்கி, அளந்து, மருத்துவமனையில் ஏற்றினால்தான் அது மருந்து.

ஃபார்பருடைய பிள்ளைகளுக்கு நோய் தணிந்தது என்று சொன்னேன். ஆனால் அந்த நிம்மதி நீடிக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. பின்வந்த ஆண்டுகளில் மருந்துகள் கூடின, நோய் தணிந்திருக்கும் காலமும் கூடியது. அப்போது மருத்துவர்கள் ஒரு புதுமையைக் கண்டார்கள். இரத்தம் சுத்தமாக இருக்கிறது, மஜ்ஜையும் சுத்தமாக இருக்கிறது. ஆனால் பிள்ளைக்குத் தலைவலி, வாந்தி, பார்வைக் கோளாறு வருகிறது. நோய் மூளையைச் சூழ்ந்த நீரில் வந்து நிற்கிறது! இது எப்படி?

லாலாங் புல்லை நினைத்துக் கொள்ளுங்கள். மேலே வெட்டினால் நிலம் சுத்தமாகத் தெரியும். மண்ணுக்குள் ஒரு துண்டு வேர்த்தண்டு மிஞ்சியிருந்தாலும் போதும், மறுபடி முளைத்துவிடும். புற்றணுக்களும் அப்படித்தான். எங்கே மருந்து நன்றாக எட்டவில்லையோ அங்கே பதுங்கிக்கொள்ளும்.

மருந்து எட்டாத இடம் உடம்பில் இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. மூளையும் தண்டுவடமும் மிக மென்மையானவை. இரத்தத்தில் வரும் கண்ட பொருளெல்லாம் அங்கே நுழைந்துவிடாதபடி இயற்கை ஒரு வேலி போட்டிருக்கிறது. அந்த வேலி நன்மைக்குத்தான். ஆனால் பல புற்றுநோய் மருந்துகளையும் அது தடுத்துவிடுகிறது. கண்ணின் உட்பகுதியிலும் இதே போன்ற வேலி உண்டு. காரணம், கண்ணின் பின்புறத்தில் இருக்கும் விழித்திரையும் அதிலிருந்து புறப்படும் பார்வை நரம்பும் மூளையின் கிளைகளே. பார்வை நரம்பைச் சுற்றியிருக்கும் உறையில் ஓடும் நீரும் மூளையைச் சுற்றி ஓடும் அதே நீர்தான். ஆகவே மூளைப் பக்கம் பதுங்கிய புற்றணு கண்ணுக்கு வருவதற்கு வழி திறந்தே இருக்கிறது.

இதற்கு மாற்று கண்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்துச் செயின்ட் ஜூட் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் டொனால்ட் பிங்கல். 1960-களின் கடைசியில் அவரும் அவருடைய குழுவினரும் தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்து, முதுகுத்தண்டு நீரிலேயே நேராக மருந்தை ஏற்றி, பல மருந்துகளைச் சேர்த்துச் சிகிச்சை செய்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகள் குணமானார்கள். இன்று பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தலைக் கதிர்வீச்சு தேவைப்படுவதில்லை. ஆனால் முதுகில் போடும் அந்த ஊசி இன்றும் கட்டாயம்.

அந்த ஊசிக்கு நம் மக்கள் மிகவும் அஞ்சுகிறார்கள். "முதுகுத்தண்டில் ஊசி போட்டால் பிள்ளை முடமாகிவிடும்" என்று பேசிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. தண்டுவடம் முடிவதற்குக் கீழே, நீர் இருக்கும் இடத்தில்தான் பயிற்சி பெற்ற மருத்துவர் ஊசியைச் செலுத்துகிறார். வேலிக்கு உள்ளே மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி அது. அதை வேண்டாம் என்று மறுப்பது, புற்றணுக்களுக்குப் பதுங்கும் இடத்தை நாமே விட்டுக்கொடுப்பதாகும்.

இப்போது கண்ணுக்கு வருவோம். உடம்பைக் கத்தியால் கீறாமல், இரத்தக் குழாய்களையும் நரம்பின் நுனியையும் நேருக்கு நேராகப் பார்க்கக்கூடிய ஒரே இடம் கண்தான். 1851-ஆம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உள்ளே பார்க்கும் கருவியை உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். அதைக் கொண்டு 1860-களிலேயே லீப்ரைக் என்ற மருத்துவர் இரத்தப் புற்றுநோய் விழித்திரையில் உண்டாக்கும் மாற்றங்களை விவரித்து எழுதிவிட்டார்.

நம் நாட்டிலும் இதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். கிளந்தானில் உள்ள குபாங் கிரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை இருக்கிறது. அங்கே கண் மருத்துவர் ரெட்டியும் அவருடைய துணைவர்களும் இரத்தப் புற்றுநோயாளிகள் 288 பேருடைய கண்களைப் பரிசோதித்து, 2003-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 35 பேருக்குக் கண்ணில் ஏதாவது ஒரு மாற்றம் இருந்தது. பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும், பிள்ளைகளில் ஆறில் ஒருவருக்கும் இருந்தது. இவற்றுள் பல, இரத்தச் சோகையாலும் தட்டணுக் குறைவாலும் விழித்திரையில் ஏற்படும் இரத்தக் கசிவுகள். நோய் தணியும்போது இவை தாமாகவே மறைவதுண்டு. நோயின் தொடக்கத்திலேயே கண்ணைப் பரிசோதிக்க மருத்துவர்கள் அனுப்புவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் சிகிச்சை நடந்து, நோய் தணிந்த பிறகு கண்ணில் புதிதாக வரும் மாற்றம் வேறு கணக்கு. அதை விளக்க ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒன்பது வயதுப் பையன் ஒருவனை எண்ணிக்கொள்ளுங்கள். அவனுக்குச் சிகிச்சையின் கடுமையான பகுதி முடிந்துவிட்டது. உதிர்ந்த முடி முளைத்துவிட்டது. பந்து விளையாடுகிறான். மாதாமாதம் இரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது. ஒரு சனிக்கிழமை இடது கண் சிவக்கிறது. "தூசி விழுந்திருக்கும்மா" என்கிறான். தகப்பனார் பட்டணத்திலிருந்து சொட்டு மருந்து வாங்கி வருகிறார். மூன்று நாளில் சிவப்பு குறைகிறது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. இரண்டு வாரம் கழித்து அதே கண் மீண்டும் சிவக்கிறது. இந்த முறை பார்வையும் மங்கிவிட்டது. இந்தப் பையன் என் கற்பனைதான். ஆனால் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கும் பல நோயாளிகளின் கதை இதே வழியில்தான் போகிறது.

இங்கே என்ன நடந்தது? கண் சிவப்புக்குக் கொடுக்கப்படும் சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும். அதோடு ஏ.எல்.எல். புற்றணுக்களையும் ஓரளவு கொல்லும். அதனால் கண்ணுக்குள் வந்த புற்றணுக்கள் கொஞ்சம் குறைந்து, கண் தெளிந்ததுபோல் தெரியும். நோய் போய்விட்டது என்று நாம் ஏமாந்துவிடுவோம். அது வேறு இடத்தில் வளர்ந்துகொண்டிருக்கும். ஆகவே சொட்டு மருந்தில் சிவப்பு குறைந்துவிட்டது என்பது, இந்தப் பிள்ளைகளைப் பொறுத்தவரை ஆறுதலுக்குரிய செய்தியே அல்ல.

எந்தெந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். தாய்மார்கள் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பார்வை மங்குதல். ஒரு கண்ணிலோ இரண்டிலுமோ திடீரென்று, அல்லது சில நாட்களில், பார்வை குறைவது. புற்றணுக்கள் பார்வை நரம்புக்குள் புகுந்தால் இப்படி ஆகும். இது மிக அவசரமானது. சில நாட்கள் தாமதித்தாலும் அந்தக் கண்ணின் பார்வை திரும்பாமல் போகலாம்.

இரண்டாவது, கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைக் கண்டால் கூசுவது. கருவிழியின் அடிப்பக்கத்தில் வெண்மையாக ஏதாவது படிந்திருக்கிறதா என்று பாருங்கள். மங்கின் அடியில் கொஞ்சம் ரப்பர் பால் தங்கி நிற்பதுபோல் அது தெரியும். கண்ணின் முன்னறையில் அணுக்கள் வந்து படிவதால் உண்டாவது அது.

மூன்றாவது, புதிதாக மாறுகண் விழுவது, ஒரு பொருள் இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது. பிள்ளை தலையைச் சாய்த்துப் பார்ப்பதும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிப்பதும் இதன் அடையாளமாக இருக்கலாம்.

நான்காவது, ஒரு கண் முன்னுக்குத் தள்ளி நிற்பது, இமை வீங்குவது. கண்ணுக்குப் பின்னால் புற்றணுக்கள் கட்டியாகத் திரளும்போது இப்படி நேரும். ஏ.எம்.எல். என்ற மற்றொரு வகை இரத்தப் புற்றுநோயில் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

ஐந்தாவது, கண்மணி வெண்மையாகத் தெரிவது. இப்போதெல்லாம் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கிறோம். பளிச்சென்ற ஒளியில் எடுத்த படத்தில் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால் அதை அலட்சியம் செய்யக்கூடாது.

ஆறாவது, காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, அதோடு பார்வை மறைப்பது. தலைக்குள் அழுத்தம் கூடியிருப்பதை இது காட்டலாம்.

இதில் பிள்ளைகளிடம் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கண் மங்கினால் பெரியவர் உடனே சொல்லிவிடுவார். பிள்ளை சொல்லாது. மற்றக் கண் நன்றாகத் தெரிவதால் அதற்கே வித்தியாசம் தெரிவதில்லை. ஆகவே வாரம் ஒரு முறை, சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியைக் காட்டி, ஒரு கண்ணைப் பிள்ளையின் உள்ளங்கையால் மூடச் சொல்லி எண்களைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் படிக்கச் சொல்லுங்கள். போன வாரம் படித்ததை இந்த வாரம் படிக்க முடியவில்லையென்றால் அது செய்தி. இரண்டு நிமிட வேலை, காசு செலவில்லை. மருத்துவர் குறித்த நாளில் செய்யும் பரிசோதனைக்கு இது ஈடாகாது; இரண்டு பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட நாட்களுக்கான காவல், அவ்வளவுதான்.

வகுப்பில் இருக்கும் எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. நேற்று வரை பின் பெஞ்சிலிருந்து கரும்பலகையைப் பார்த்து எழுதிய பிள்ளை, இன்று பக்கத்துப் பிள்ளையின் ஏட்டைப் பார்த்து எழுதினால், வரி தவறி எழுதினால், வாசல் நிலையில் இடித்துக்கொண்டால், எறிந்த பந்தைப் பிடிக்கத் தவறினால், ஆசிரியர் அதைச் சோம்பல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெற்றோரே, பிள்ளைக்கு இப்படி ஒரு நோய் இருந்தது என்பதை வகுப்பாசிரியரிடம் மறைக்காமல் சொல்லி வையுங்கள். ஊர் பேசும் என்று அஞ்சி மறைத்தால், பகலில் ஆறு மணி நேரம் பிள்ளையோடு இருக்கும் ஆசிரியருக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்பது தெரியாமல் போய்விடும்.

சரி, இந்த அறிகுறி வந்தாலே நோய் திரும்பிவிட்டது என்று பொருளா? இல்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சிகிச்சை பெறும் பிள்ளையின் கண் கெடுவதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பதால் கிருமிகள் கண்ணுக்குள் புகலாம். நீண்ட நாள் ஸ்டீராய்டு கொடுத்தால் கண்புரை விழலாம், கண்ணின் அழுத்தம் கூடலாம். வின்கிரிஸ்டின் மருந்தினால் இமை தொங்கலாம். தட்டணு குறைந்து கண்ணில் இரத்தம் கசியலாம். மற்றப் பிள்ளைகளுக்கு வருவதுபோல் சாதாரணக் கண்நோவும் வரலாம். இது எது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் பெற்றோரால் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுப் பாட்டியால் முடியாது. கண்ணாடிக் கடைக்காரராலும் முடியாது. மருத்துவர்களுக்கே பல பரிசோதனைகள் தேவைப்படுகின்றன. நல்ல செய்தி என்னவென்றால், இன்றைய சிகிச்சையில் நோய் மூளைப் பக்கமோ கண்ணிலோ மட்டும் திரும்புவது நூற்றில் ஒரு சில பிள்ளைகளுக்கே. ஆனால் அந்த ஒரு சிலரில் நம் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்டறிய ஒரே வழி அன்றைக்கே காட்டுவதுதான்.

கண் சிவந்தால் தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூவை ஒற்றுவது, விளக்கெண்ணெய் இடுவது நம் வழக்கம். இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைக்கு இவை எதுவும் கூடாது. நல்ல வெள்ளையணு குறைந்த கண்ணில் இவற்றிலுள்ள கிருமி பெருகிவிடும். திருஷ்டி கழிக்க வேண்டும் என்று தோன்றினால் கழியுங்கள். பத்துமலைக்குப் பால்குடம் நேர்ந்துகொள்வதானால் நேர்ந்துகொள்ளுங்கள். அது உங்கள் நம்பிக்கை. ஆனால் அதற்காக மருத்துவரிடம் போவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து, என்ன செய்வது என்று பார்ப்போம். பிள்ளைக்குச் சிகிச்சை செய்த வார்டுக்கோ பகல்நேரச் சிகிச்சைப் பிரிவுக்கோ உடனே தொலைபேசியில் சொல்லுங்கள். அந்த எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டி வையுங்கள். கண்ணைப் படம் பிடித்து அனுப்பலாம். ஆனால் பதில் வரட்டும் என்று வீட்டிலேயே காத்திருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையோ பெருநாளோ ஆனால் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சிகிச்சைப் புத்தகம், மருந்துப் பட்டியல், பிறப்புப் பத்திரம், மைகிட் அட்டை எல்லாம் ஒரே பையில் தயாராக இருக்கட்டும்.

அங்கே போனதும் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று இருக்கிறது. "கண் சிவந்திருக்கிறது" என்று தொடங்காதீர்கள். "என் பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் இருந்தது; இப்போது கண்ணில் கோளாறு" என்று தொடங்குங்கள். மலாயில் சொல்வதானால், "அனாக் சாயா பெர்னா சாக்கிட் லுக்கீமியா" என்று சொல்லுங்கள். உங்களைப் பார்க்கும் புதிய மருத்துவருக்கு உங்கள் பிள்ளையின் கதை தெரியாது. முடி வளர்ந்து, கன்னம் உப்பி, ஓடி விளையாடும் பிள்ளையைப் பார்த்து அவர் சாதாரணக் கண்நோவு என்று நினைத்துவிடலாம். அந்த ஒரு வாக்கியம் அவருடைய எண்ணத்தையே மாற்றிவிடும்.

அதன் பிறகு கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து உள்ளே பார்ப்பார். தேவையானால் மூளையையும் பார்வை நரம்பையும் எம்.ஆர்.ஐ. படம் எடுப்பார்கள். முதுகுத்தண்டு நீரையும் மஜ்ஜையையும் எடுத்துப் பரிசோதிப்பார்கள். சில வேளை கண்ணின் முன்னறையிலிருந்தே ஒரு துளி நீரை எடுத்துப் பார்ப்பார்கள். கண்ணில் மட்டும் நோய் தெரிந்தாலும் உடம்பு முழுவதற்கும் சிகிச்சை மறுபடி தொடங்கும். லாலாங்கின் ஒரு குருத்து வெளியே தெரிந்தால் மண்ணுக்குள் இன்னும் இருக்கும் என்று நாம் கொள்வதுபோலத்தான். இரத்தத்தின் வழியாக மருந்து, முதுகுத்தண்டில் மருந்து, கண்ணுக்குக் குறைந்த அளவு கதிர்வீச்சு, சிலருக்கு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை என்று தேவைக்கேற்பச் செய்வார்கள். நம் நாட்டில் முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1987-ஆம் ஆண்டு கோலாலம்பூரில், இன்று மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் என்று பெயர் பெற்றிருக்கும் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்தது. அண்மை ஆண்டுகளில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றணுக்கள்மேல் ஏவிவிடும் புதிய சிகிச்சைகளும் வந்திருக்கின்றன.

"திரும்பி வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது" என்று மனமுடைந்து சிகிச்சையைக் கைவிடுகிற பெற்றோர் உண்டு. அது தவறு. திரும்பிய நோயும் குணமாவதுண்டு. அதிலும் முதல் சிகிச்சை தொடங்கி நெடுநாள் கழித்து, மஜ்ஜையில் இல்லாமல் மூளைப் பக்கம் மட்டும் திரும்பியிருந்தால் குணமாகும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறோமோ அவ்வளவுக்குப் பார்வையும் மிஞ்சும்.

நோய் திரும்பாமல் இருக்க நம் கையில் இருப்பது என்ன? மாத்திரைதான். கடும் சிகிச்சை முடிந்த பிறகு ஓராண்டுக்கும் மேலாக மெர்காப்டோபியூரின் மாத்திரையைத் தினமும் சாப்பிட வேண்டும். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் இதை ஆராய்ந்தவர்கள், கொடுக்க வேண்டிய மாத்திரையில் நூற்றுக்கு 95 பங்குக்கும் குறைவாகச் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் இரண்டரை மடங்குக்கும் மேல் என்று கண்டார்கள். மாதத்தில் இரண்டு நாள் விட்டாலே ஏறத்தாழ அந்த எல்லைக்கு வந்துவிடுகிறோம்! நம் நாட்டு மருத்துவமனைகளும் சிங்கப்பூர் மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்திய மா-ஸ்போர் 2003 என்ற திட்டத்தில் 556 பிள்ளைகள் சிகிச்சை பெற்றார்கள். ஆறு ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு 80 பேர் நோய் திரும்பாமலே இருந்தார்கள். 88 பேர் உயிரோடு இருந்தார்கள். நம்முடைய மண்ணில் நம்முடைய மருத்துவர்கள் சாதித்தது இது. மாத்திரையை முறையாகக் கொடுத்தால்தான் இந்தப் பலன் நமக்கும் கிடைக்கும்.

"போக வர ஒரு நாள் கூலி போய்விடுகிறதே" என்ற கவலை எனக்கும் தெரியும். கேரித் தீவிலிருந்தோ காப்பாரிலிருந்தோ விடியற்காலையில் புறப்பட்டு, கிள்ளானுக்கு வந்து இரயிலேறி, பிரிக்பீல்ட்ஸில் கே.எல். சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து மறுபடி வண்டி மாறிப் போவது எளிதல்ல. ஆனால் முதல் படியாகக் கிள்ளானிலேயே தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை இருக்கிறது. பிள்ளைகளுக்கென்றே கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனை 2019-ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணி அதிகாரி ஒருவர் இருப்பார். பணமில்லை என்றால் வெட்கப்படாமல் அவரைக் கேளுங்கள். 1966-ஆம் ஆண்டு தொடங்கிய தேசியப் புற்றுநோய்ச் சங்கம் கோலாலம்பூரில் நடத்தும் பிள்ளைகள் நம்பிக்கை இல்லத்தில், சிகிச்சைக்கு வரும் பிள்ளையும் பெற்றோரும் தங்கலாம். 1994-ஆம் ஆண்டு தொடங்கிய மக்னா என்னும் தேசியப் புற்றுநோய் மன்றமும் வசதியில்லாத நோயாளிகளுக்குப் பண உதவி செய்கிறது. ஒரு நாள் கூலியைப் பிறகு சம்பாதித்துவிடலாம். போன பார்வையை எத்தனை நாள் பாடுபட்டாலும் சம்பாதிக்க முடியாது.

பார்வையே திரும்பாமல் போய்விட்டால்? அப்போதும் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. 1951-ஆம் ஆண்டு தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. கண் தெரியாதவர்கள் கோலை ஊன்றிக்கொண்டு வேலைக்குப் போவதை அந்தத் தெருக்களில் தினமும் காணலாம். அவர்கள் நமக்குத் தைரியம் தருகிறார்கள். ஆனாலும் காப்பாற்றக்கூடிய பார்வையைக் காப்பாற்றுவது நம் கடமையல்லவா?

நேயர்களே, இந்த உரையில் மூன்று செய்திகளை மட்டும் மறவாதீர்கள். இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைக்கு, சிகிச்சை நடந்துகொண்டிருந்தாலும் முடிந்து ஆண்டுகள் ஆகியிருந்தாலும், கண்ணில் புதிதாக எந்தக் கோளாறு வந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். மருத்துவர் பார்க்குமுன் கண்ணில் எந்தச் சொட்டு மருந்தும், எந்த வீட்டு மருந்தும் விடாதீர்கள். இரத்தம் நன்றாக இருக்கிறது என்று போன மாதப் பரிசோதனை சொன்னாலும் அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். உங்கள் லயத்தில், உங்கள் அடுக்குமாடி வீட்டில், இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு போராடும் குடும்பம் இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.